முதல் தண்ணீர்

இரோஹா அந்த வீட்டுக்கு வந்த அன்று மாலை, மிசாவோ தொட்டியில் வெந்நீர் நிரப்பி, மேல் மூடியை விலக்கி, புதுத் துண்டு ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, "நீ முதல்ல போ" என்றாள். வந்த பிள்ளைக்கு வீட்டில் இருப்பதிலேயே நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். இன்னும் யாரும் இறங்காத வெந்நீரைவிட நல்லதாக அந்த வீட்டில் வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

பதினோரு வயதுப் பெண் குளித்துவிட்டுத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அடுத்து மிசாவோவின் கணவன் தெத்சுரோ போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"தண்ணி இல்ல."

அந்த ஊர் வீடுகளில் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, பிறகு தொட்டியில் இறங்கி ஊறுவார்கள். ஒரே தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராக வீடே ஊறும். அடைப்பைப் பிடுங்குவது கடைசி ஆளின் வேலை. இது தெரியாத பிள்ளை இருக்குமா? ஒன்றும் கேட்க வேண்டாம் என்று மிசாவோ கணவனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் புரிந்துகொண்டு, ஒன்றும் பேசாமல் தொட்டியை மறுபடி நிரப்பினான்.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கு மறுநாளும்.

அந்த வெந்நீர் இயந்திரத்துக்கு ஒரு பெண் குரல் உண்டு. தொட்டி நிறைந்ததும் சின்னதாக ஓர் இசை போட்டுவிட்டு, "குளியல் தயார்" என்று சொல்லும். முன்பெல்லாம் மாலைக்கு ஒரு முறை சொல்லும். இரோஹா வந்த ஜூலை மாதத்திலிருந்து இரண்டு முறை சொல்லத் தொடங்கியது. அவர்கள் யாரும் பேசாத விஷயத்தை அது ஒன்றுதான் தினமும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

வளர்ந்த பிள்ளைகளைத் தத்தெடுக்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்திருந்தார்கள். பிள்ளை உங்களைச் சோதித்துப் பார்க்கும். ஒரே பண்டத்தைத் தின்றுகொண்டே இருக்கும். வேண்டுமென்றே கொட்டும், உடைக்கும். தொடக்கத்தில் கண்டிக்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். மிசாவோவும் தெத்சுரோவும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். இரோஹா எதையும் உடைக்கவில்லை. சாப்பிட்ட கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். கேட்டால் பதில் சொன்னாள், கேட்காவிட்டால் சொல்லவில்லை. தொட்டித் தண்ணீரை மட்டும் தினமும் திறந்துவிட்டாள்.

மிசாவோ பிறந்ததும் அந்தத் துறைமுக ஊரில்தான். கணவாய் மீன் பிடிக்கப் போகும் ஒருவருக்கு மூன்றாவது பெண். பேச்சு குறைவு. இருபத்தொன்பது வயதில், துறைமுகத்துக் குளிர்கிடங்கில் வேலை செய்த தெத்சுரோவைக் கட்டிக்கொண்டாள். அதன்பிறகு குழந்தை வேண்டிப் பல வருடங்கள் மலையைத் தாண்டியிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய் வந்தாள். ஊசி, காத்திருப்பு, ஒரு போன், மறுபடி ஊசி. முதல் இரண்டு முறை அழுதாள். பிறகு அழாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து நாற்காலியில் உட்காரும்போதே நெஞ்சுக்குள் ஏதோ ஒன்றை இழுத்து மூடிவிடுவாள். நல்ல செய்தி வந்தால் திறந்துகொள்ளலாம் என்று. நல்ல செய்தி வரவில்லை. நாற்பத்திரண்டு வயதில் போவதை நிறுத்திக்கொண்டாள். மூடியது மூடியபடியே கிடந்தது.

இப்போது நாற்பத்தேழு வயது. காலையில் மீன் உலர்த்தும் கொட்டகையில் வேலை. வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, பிளந்து, உப்புத் தண்ணீரில் போட்டு, வலைத்தட்டில் வரிசையாக விரிக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் கினுயோ. கைக்கு முன்னால் வாய் ஓடும்.

"என்ன மிசாவோ, மூஞ்சி வலைத்தட்டுல காயற மாதிரி இருக்கு?"

"தூக்கம் சரியில்ல."

"உன் பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"அஞ்சு மாசமா இதையேதான் சொல்ற. என் வீட்ல ரெண்டு தடிப்பசங்க இருக்கானுங்க. வேணும்னா கூட்டிட்டுப் போ. திருப்பிக் கொடுக்கவே வேணாம்."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். மிசாவோவும் சிரித்தாள். "திருப்பி" என்ற சொல் காதில் விழுந்தபோது கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த மீனை எடுத்தாள்.

இரோஹாவை ஏற்கனவே ஒரு குடும்பம் எடுத்து, சில மாதங்களில் குழந்தைகள் இல்லத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஒத்துவரவில்லை என்பதற்கு மேல் மிசாவோவுக்கு எதுவும் தெரியாது. குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து தொனோமுரா என்ற அதிகாரி அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவார். பிப்ரவரியில் வரும்போது கேள்வியைக் கேட்பார்: முழுத் தத்துக்கு நீதிமன்றத்தில் மனு போடலாமா, வேண்டாமா?

மிசாவோ தன் பதிலை நவம்பரிலேயே முடிவு செய்திருந்தாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை, என்னால் முடியாது என்று சொல்லப் போகிறாள். அன்பு தானாக வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் காத்திருந்தாள். பள்ளி விளையாட்டு விழாவில் எல்லா அம்மாக்களையும் போலக் கயிற்றருகே நின்று "இரோஹா! இரோஹா!" என்று கத்தினாள். அந்தக் குரல் பக்கத்தில் நிற்கும் யாருடையதோ போலக் கேட்டது. ஒரு முறை பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் துணி சூடாகிவிட்டதா என்பதைத் தவிர மனதில் ஒன்றும் ஓடவில்லை. கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. எதுவும் தோன்றாத ஒருத்தி ஒரு பெண்ணுக்கு அம்மாவாக இருக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். இரண்டாவது முறை திரும்பிப் போனால் இரோஹாவை இன்னொரு வீடு எடுக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பதில் மாறவில்லை. தெத்சுரோவிடம் இதைச் சொல்லவில்லை.

வருடத்தின் கடைசி நாளன்று தெத்சுரோவின் அக்கா தொமிகோ நாகோயாவிலிருந்து வந்து இறங்கினாள். இரண்டு பைகள், ஒரு பெட்டி ஆரஞ்சு, நிறுத்தாத பேச்சு. செருப்பைக் கழற்றும்போதே தம்பியின் தலையைப் பார்த்தாள்.

"முடியெல்லாம் எங்கடா போச்சு?"

"குளிர்கிடங்குல உறைஞ்சு உதிர்ந்துடுச்சுக்கா."

"பல்லையாவது பத்திரமா வெச்சுக்கோ. இவதான் இரோஹாவா? வா, வந்து ஆரஞ்சு உரி. எனக்கு நகம் போயிடுச்சு."

அடியில் சூடு வைத்த குட்டை மேசையின் போர்வைக்குள் எல்லோரும் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரோஹா ஆரஞ்சை உரித்து, வெள்ளை நாரையும் எடுத்துவிட்டுத் தொமிகோவின் முன்னால் வைத்தாள். உள்ளே இயந்திரம் இசை போட்டு, "குளியல் தயார்" என்றது.

"அக்கா, நீங்க முதல்ல போங்க" என்றாள் மிசாவோ.

தொமிகோ வாயில் போடப்போன சுளையைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு?"

"தூரத்துல இருந்து வந்திருக்கீங்க."

"நான் இந்த வீட்ல பொறந்தவ. என்னை விருந்தாளி ஆக்கறியா? முதல் தண்ணி விருந்தாளிக்குத்தான். கல்யாணம் ஆகற வரைக்கும் நான் கடைசியாத்தான் குளிச்சேன். அப்பா, அம்மா, அப்புறம் மீன் நாத்தத்தோட இந்தத் தடியன், கடைசியா நான். தொட்டி தேய்க்கறதும் நான்தான். பொண்ணு வீட்ல இருந்தா அப்படித்தான்."

"சரிக்கா. எப்பவும் போல இரோஹாவே முதல்ல போகட்டும்" என்றான் தெத்சுரோ.

"எப்பவும் போலன்னா?"

இரோஹா கையிலிருந்த தோலைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அப்ப நான் விருந்தாளியா?"

"சே சே, அதெல்லாம் இல்லம்மா" என்று தெத்சுரோ அவசரமாகச் சொன்னான். பதற்றத்தில் அவன் வாய் அதோடு நிற்கவில்லை. "எப்படியும் நீ தண்ணியத் திறந்து விட்டுடற. யார் முதல்ல போனா என்ன, நாங்க வேற தண்ணி பிடிச்சுக்கறோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. மிசாவோவைப் பார்த்தான். அவள் இரோஹாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மிசாவோவுக்கு அந்த முகம் பழக்கமான முகமாக இருந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக் கண்ணாடியில் பலமுறை பார்த்த முகம்.

"மாத்திடுவீங்கன்னு தெரியும்" என்றாள் இரோஹா. "அதான் நானே விட்டுடறேன்."

"யார் மாத்துவாங்க?" என்று மிசாவோ கேட்டாள்.

"நீங்க. எல்லாரும். முன்னாடி இருந்த வீட்ல நான் குளிச்சதும் அந்தம்மா தண்ணியக் கொட்டிட்டு, தொட்டியக் கழுவி, புதுசா பிடிப்பாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தினமும் அவங்களுக்கு வேலை. அதனால இங்க நானே செஞ்சேன். நீங்களும் ஒண்ணும் சொல்லல. புதுசா பிடிச்சீங்க."

கடைக்கு எந்த வழியாகப் போவது என்று சொல்வது போல, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லி முடித்தாள்.

தொமிகோதான் முதலில் வாயைத் திறந்தாள். "அடியேய், இவனுக்கு அப்புறம் பத்து வருஷம் அந்தத் தொட்டியில இறங்கினவ நான். தண்ணியில மீன் செதில் மிதக்கும். இவனைவிடவா நீ அழுக்கு?"

இரோஹா சிரிக்கவில்லை. தெத்சுரோ எழுந்து சமையலறைப் பக்கம் போய், திறக்க வேண்டிய அவசியமே இல்லாத குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

மிசாவோ யோசித்துப் பேசவில்லை. மீன் கொட்டகையில் வேலை பிரிப்பது போலப் பேசினாள்.

"இன்னிக்கு நீ போ. தண்ணிய விட்டுடாத. உனக்கு அடுத்து நான் வர்றேன்."

இரோஹா போனாள். அன்று தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கவில்லை.

மிசாவோ உடம்பைக் கழுவிக்கொண்டு தொட்டியில் இறங்கினாள். தண்ணீர் கொஞ்சம் ஆறியிருந்தது. நீளமான முடி ஒன்று மிதந்தது. கையால் எடுத்துச் சுவரில் ஒட்டினாள். கழுத்து வரை மூழ்கி உட்கார்ந்து காத்திருந்தாள். இப்போதாவது அழுகை வர வேண்டும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வெந்நீர் வெந்நீராகவே இருந்தது. ஆனால் எழுந்து வரவும் தோன்றவில்லை. வெளியிலிருந்து தொமிகோ, "தூங்கிட்டியா? எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்று கத்தும் வரை உட்கார்ந்திருந்தாள்.

புத்தாண்டு முடிந்து தொமிகோ ஊருக்குப் போன அன்று மாலை, இயந்திரம் அறிவித்ததும் இரோஹா பழக்கத்தில் துண்டை எடுத்தாள்.

"உட்காரு" என்றாள் மிசாவோ. "முதல்ல அவர். அப்புறம் நான். நீ கடைசி."

"கடைசின்னா?"

"அடைப்பப் பிடுங்கி, தொட்டியத் தேய்ச்சு, மூடியச் சாய்ச்சு வெச்சு, ஜன்னலத் திறந்து விடணும்."

"இந்தக் குளிர்லயா?"

"ஆமா."

"மிசாவோ சான், அது வேலை." இரோஹா அவளை மரியாதைக்குச் 'சான்' சேர்த்துப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"வேலைதான்."

இரோஹா துண்டை மேசைமேல் போட்டாள். வைக்கவில்லை, போட்டாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் எதையும் அப்படிப் போட்டதில்லை. தெத்சுரோ ஏதோ சொல்ல வந்து, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை தொனோமுரா வந்தார். முதலில் இரோஹாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்தபோது உதட்டோரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"புகார் நிறைய இருக்கு" என்றார். "தண்ணி ஆறிப்போயிருக்காம். மாமாவோட முடி மிதக்குதாம். தேய்ச்சதையே மறுபடி தேய்க்கச் சொல்றீங்களாம்."

"எனக்கு ஏது முடி?" என்றான் தெத்சுரோ.

தொனோமுரா பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் என்ன நினைக்கறீங்க?"

மனு போடலாம் என்று தெத்சுரோ உடனே சொல்லிவிட்டான். அவன் பதிலில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவர் மிசாவோவின் பக்கம் திரும்பினார்.

நவம்பரிலிருந்து அவள் வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது. அதில் முதல் பாதியை மட்டும் சொன்னாள்.

"எனக்கு எதுவும் தோணல. தோணும்னு எல்லாரும் சொன்னாங்க."

தெத்சுரோ தலை குனிந்தான். தொனோமுரா எதுவும் எழுதாமல் காத்திருந்தார். மாடியில் இரோஹாவின் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அப்ப, நிறுத்திக்கலாமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

மிசாவோ தன் கையைப் பார்த்தாள். விரல் நுனிகளில் உப்புத் தண்ணீரின் வெடிப்புகள்.

"அவ தொட்டியச் சரியாத் தேய்க்கறதில்ல" என்றாள். "பக்கமெல்லாம் தேய்ச்சுடறா. அடியில வழுக்குது. ஓட்டைப் பக்கத்துல முடிய அப்படியே விட்டுடறா. இன்னும் பழக்கணும்."

"பழக எவ்வளவு நாளாகும்?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல. வருஷக்கணக்காகும்."

"அப்ப மனு போடட்டுமா?"

"போடுங்க."

அவர் எழுதிக்கொண்டார். மிசாவோ எழுந்து தேநீர் போடப் போனாள்.

அன்று மாலை இயந்திரம் ஒரே ஒரு முறை இசை போட்டது. தெத்சுரோ குளித்தான், மிசாவோ குளித்தாள், கடைசியில் இரோஹா போனாள். வெகுநேரம் கழித்து, அடைப்பு பிடுங்கப்பட்டு, தண்ணீர் குடகுடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. மிசாவோ துணி மடித்துக்கொண்டே கேட்டாள். நெஞ்சுக்குள் எதுவும் திறந்துகொள்ளவில்லை. தண்ணீர் இறங்கி முடிந்ததும் தேய்க்கும் சத்தம் வர வேண்டும். வரவில்லை.

"தேய்ச்சியா?" என்று குரல் கொடுத்தாள்.

"தேய்க்கப் போறேன்!"

"அடியில."

"அதான் தெரியுமே!"

கொஞ்ச நேரம் கழித்து, வேண்டுமென்றே பலமாக, தேய்க்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் மிசாவோ குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் திறந்திருந்தது. மூடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. குனிந்து, தொட்டியின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஓட்டையைச் சுற்றி இன்னும் வழுக்கியது. மாலையில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கையைக் கழுவினாள்.