அத்தை கழற்றிய பட்டைகள்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாடிப்பட்டியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய அம்பாசிடர் நின்றது. அத்தையின் கல்யாணத்துக்குத் தாத்தா சீராகக் கொடுத்த வண்டி. புருஷனோடு ஒத்துவராமல் அத்தை திரும்பி வந்தபோது வண்டியும் கூடவே வந்துவிட்டது. மதுரையில் வேலைக்குப் போகிறேன், வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் வாயைத் திறந்தாலே அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"பின்னாடி ஸ்பிரிங் பட்டையெல்லாம் துருவேறிப் போச்சு. நடுரோட்டுல ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது?"

வண்டிக்கு அடியில் அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

அப்பா வயலுக்குப் போயிருந்த ஒரு காலையில் அத்தை வண்டியை ஜாக்கியில் தூக்கி, செல்போன் வெளிச்சத்தில் அடியில் பார்த்தாள். மண்ணெண்ணெயில் ஊறிய போல்ட்டுகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த வளைந்த பட்டைகளைச் சாக்கில் பிரித்து வைத்தாள். கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கத் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டினாள். புகுந்த வீட்டில் லாரி ஓடியதால் அவளுக்கு இதெல்லாம் தெரியும். எல்லாப் பட்டையும் கணீரென்றது.

மத்தியானம் அப்பா வந்தார்.

"யாரைக் கேட்டு இதைக் கழட்டுன?"

"துரு மேலோடதாண்ணே. கிரீஸ் தடவி மாட்டுனா இன்னும் எம்புட்டோ வருசம் ஓடும்."

சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் தொண்டை கிழியக் கத்தினார். "நல்லா இருக்குன்னுதானப்பா அத்தை சொல்லுது" என்று நான் சொன்னதற்கு எனக்கு ஓர் அறை விழுந்தது. பிறகு, இருப்பதிலேயே நீளமான பட்டையைத் தூக்கிப் போய்க் கிணற்றில் போட்டார். போட்டுவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மா சோறு போட்டாள். அவர் கண்ணயர்ந்ததும், வாளி விழுந்தால் எடுக்கிற பாதாளக்கரண்டியைப் பரணிலிருந்து இறக்கி அத்தையிடம் நீட்டினாள். "கயிறு புதுசு, தாங்கும்" என்று மட்டும் சொன்னாள். இருவரும் வெகுநேரம் துழாவினார்கள். கடைசியில் பட்டை நுனியிலிருந்த வளையத்தில் கொக்கி மாட்டியது.

அந்த வாரமே அத்தை வண்டியோடு மதுரைக்குப் போய்விட்டாள். அப்பா அம்மாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

கிணற்றில் எது விழுந்தாலும் எடுப்பது அம்மாவின் வேலை. இதையும் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தாள் என்று நினைத்தேன். அப்பாவை எதிர்த்து அம்மா தன் வாழ்நாளில் செய்த ஒரே காரியம் அது என்பது அன்று எனக்குத் தெரியாது.