கண்ணாடி இல்லாத நெற்றி

அந்தப் படத்துக்குக் கண்ணாடி கிடையாது. அது எனக்குத் தெரியும், சட்டம் அடித்தவனே நான்தான். தெரிந்தும் எப்படி என் கை போனது என்பதை இன்றுவரை யாருக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு பிரேம் போடும் கடை. எட்டாவதோடு படிப்பை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். கடைக்கு வருவது பெரும்பாலும் சாமி படம், இல்லையென்றால் காலமானவர்களின் படம். வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றி, சுவரில் சாய்த்திருக்கும் படங்களுக்கெல்லாம் வரிசையாகச் சந்தனம் தொட்டு, அதன்மேல் அம்மன் கோயில் குங்குமம் வைத்த பிறகுதான் சுத்தியலைத் தொடுவேன். அன்று சாயங்காலம் வரை விரதம். தண்ணீர் தவிர எதுவும் வாயில் படாது.

அந்தப் படத்தைக் கொண்டுவந்தவர் லண்டனிலிருந்து வந்திருந்த ஓவியர், கறுப்பினப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். அபிராமபுரத்தில் ஒரு பழைய பங்களாவைப் படம் மாட்டும் கூடமாக மாற்றியிருந்தார்கள். அங்கே அவருடைய படங்களை வைக்கப்போகிறார்கள் என்று அவரைக் கூட்டிவந்த ஆட்டோக்காரர் சொன்னார். ஆட்டோக்காரர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். வெளிநாட்டுச் சவாரி ஓட்டியே இங்கிலீஷ் பழகியவர். எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு முழுக்க அவர் வாய் வழியாகத்தான் நடந்தது.

"இவங்க பாட்டன் முப்பாட்டன அப்ரிக்காலேர்ந்து கப்பல்ல அட்மையா கொண்ட்டு போனாங்களாம், கரும்பு வெட்ட. அங்கேர்ந்து அம்மா லண்டனுக்கு வந்துட்டாங்க. அந்த ஊரு மியூசியத்துல பழைய படத்துல இவங்க ஜனம் ஓரமா தட்டு ஏந்திகினு நிக்குமாம் நைனா. அதான் இவங்க சொந்த ஜனத்த நடுவுல குந்தவச்சி பெர்சு பெர்சா வரையறாங்க. இது இவங்க அம்மா."

சுருட்டி வந்த ஓவியத் துணியை விரித்தார்கள். எண்ணெய்ச் சாயம், கண்ணாடி வேண்டாம் என்றார்கள். ஆள் உயரம். மஞ்சள் சுவர், அடுக்களை மேசை, நீல உடுப்பில் ஒரு வயதான அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறார். வேலையை நிறுத்தாமல், யாரோ கூப்பிட்டதற்கு முகத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பதுபோல் இருந்தது. எட்டி நின்றால் தோல் நல்ல கறுப்பு. கிட்டே போனால் அதில் நீலம் இருந்தது, கத்தரிப்பூ நிறம் இருந்தது, செங்கல் சிவப்பு, அங்கங்கே பச்சைகூட. துணியை இழுத்துக் கட்டி, தேக்குச் சட்டம் போட நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் மத்தியானச் சாப்பாட்டை அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திறப்பு. பதினொரு மணிக்கு ஒரு வேனோடு வருவதாக ஆட்டோக்காரர் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கு விளக்கேற்றினேன். முருகன், லட்சுமி, காலமான ஒரு ரிட்டயர்டு வாத்தியார், பிள்ளையார் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். விளக்கு வெளிச்சம் ஓவியத்து அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்தது. எங்கள் குலசாமி கருப்பசாமி. எண்ணெய்க் காப்பு முடிந்ததும் கல்லின் நெற்றியில் ஒரு மினுமினுப்பு வரும். அதே மினுமினுப்பு. வாய் மந்திரத்தைச் சொல்ல, விரல் போய்விட்டது.

விரலுக்குச் சில்லென்ற கண்ணாடி தட்டுப்படவில்லை. சொரசொரவென்று துணி தட்டுப்பட்டது.

அப்போதாவது சும்மா இருந்திருக்க வேண்டும். வேட்டி நுனியை நனைத்துத் துடைத்தேன். குங்குமம் புருவம் வரை இழுத்துக்கொண்டு போனது. அதற்குமேல் துடைக்காமல் விட்டுவிட்டேன்.

பூ வாங்கிக்கொண்டு வந்த என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னங்க இது, நெத்தியில ரத்தம் மாதிரி?"

சொன்னேன். அவள் கேட்டபடியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. காகிதம் சுற்றிக் கயிறு கட்டி வைத்துவிடலாம். அங்கே போய்ப் பிரிக்கும்போது யார் கண்டார்கள்? வண்டியில் நேர்ந்தது என்பார்கள். ஆட்டோக்காரர் தலையில் விழும். பழுப்புக் காகிதச் சுருளை எடுத்தும்விட்டேன்.

"அதைக் கீழ வைங்க," என்றாள் அவள். "அம்மன் குங்குமத்தைக் கையில வச்சிக்கிட்டுப் பொய் சொல்லப் போறீங்களா?"

வேனுக்கு முன்னால், பத்தரைக்கே ஆட்டோ வந்துவிட்டது. "இன்னா நைனா, படம் ரெடியா?" என்று உள்ளே வந்த ஆட்டோக்காரர் படத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். பின்னாலேயே ஓவியர். அவர் சத்தம் போடவில்லை. அருகில் போய்க் குனிந்து, மூச்சு படாமல் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"பொட்டு எதுக்குன்னு கேக்கறாங்க."

"சாமிக்கு வைப்போம். அப்புறம்... காலமானவங்க படத்துக்கு வைப்போம்."

ஆட்டோக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மொத விசயத்த சொல்றேன். ரெண்டாவது நான் சொல்ல மாட்டேன். அவங்க அம்மா உயிரோட கீறாங்கயா! பொண்ணு படத்த பாக்க இன்னிக்கி பிளேன்ல வந்துகினு கீறாங்க. மத்யானம் நான்தான் போய் இட்டாரணும்."

ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்கும் ஒருவருக்குச் செத்தவர் பொட்டு வைத்திருக்கிறேன். "சொல்லிடுங்க," என்றேன். சொன்னார். ஓவியர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு ஒரே ஒரு வார்த்தை. பஞ்சு.

கடையில் இருந்தது விளக்குத் திரிப் பஞ்சுதான். மனைவி அதை ஈர்க்குச்சிகளில் சுற்றிக் கொடுத்தாள். ஓவியர் ஒன்றை வாங்கி வாயில் வைத்து நனைத்தார். எடுத்துப் படத்தின் நெற்றியில் மெல்ல உருட்டினார்.

"ஐயோ, எச்சில்," என்றாள் என் மனைவி.

"தண்ணி வச்சா பரவுமாம். எச்சிதான் அழுக்க மட்டும் எட்த்துகினு வருமாம். பெரிய பெரிய எடத்துலயும் இப்டிதான் தொடைப்பாங்களாம்."

அழுக்கு. அவர் சொன்னது என் அம்மனுடைய குங்குமத்தை. குச்சிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பத்துப் பன்னிரண்டு குச்சிக்குப் பிறகு ஓவியருக்கு வாய் வறண்டுவிட்டது. புதுக் குச்சி ஒன்றை என் பக்கம் நீட்டினார்.

நான் ஆட்டோக்காரரைப் பார்த்தேன்.

"என்னப் பாக்காத. நான் மாவா பாக்கு போட்டுகீறேன், அம்மா மூஞ்சி நாறிடும். நீதான் நைனா காலைலேர்ந்து பட்னி. சுத்தமான எச்சி!"

யாரும் சிரிக்கவில்லை. குங்குமத்தின் மேல் எச்சில் படக்கூடாது என்று வளர்ந்தவன் நான். அதுவும் வெள்ளிக்கிழமை, விளக்கு எரிகிறது. மனைவியைப் பார்த்தேன். அவள் ஒரு பித்தளைத் தட்டை எடுத்து, சிவந்த குச்சிகளைப் பொறுக்கி அதில் வைத்துக்கொண்டிருந்தாள். "கால் படாத இடமாப் பார்த்து, நந்தியாவட்டை அடியில போட்டுடறேன். நீங்க செய்யுங்க," என்றாள்.

தாயே, வைத்தவனே எடுக்கிறேன், என்று சொல்லிவிட்டுக் குச்சியை வாயில் வைத்தேன். உச்சி வெயில் வரை ஓவியரும் நானும் மாறி மாறி உருட்டினோம். புருவம் தெளிந்தது. நெற்றி நடுவில் துணியின் இழைக்குள் இறங்கியது மட்டும் வரவில்லை.

ஓவியர் பையிலிருந்து சின்னச் சின்னச் சாயக் குழாய்களை எடுத்தார். நான் வெட்டிப் போட்ட கண்ணாடித் துண்டின் மேல் பிதுக்கினார். சிவப்புமண் நிறம், நீலம், துளிப் பச்சை. நான் கறுப்புக்காகக் காத்திருந்தேன். கடைசிவரை அவர் எடுக்கவே இல்லை.

"கறுப்பு இல்லையா?" என்று கேட்டேன்.

"கறுப்பு டியூப்ப வச்சா தோலு செத்துடுமாம் நைனா. அவங்க அம்மா தோல்ல அந்த கலரே இல்லியாம்."

தூரிகையால் ஒரே ஒரு ஒற்று. நெற்றி மறுபடி நெற்றியாகிவிட்டது. யாரும் தொடக்கூடாது, காய இரண்டு நாள் ஆகும் என்று எச்சரித்துவிட்டுப் படத்தை வேனில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

பயம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. சாயங்காலம் குளித்துவிட்டு இருவரும் அபிராமபுரம் போனோம். ஆறு மணி ஆனது. ஓவியரின் அம்மா வரவில்லை. ஓவியர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். ஆறரை. ஆட்டோக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆறே முக்காலுக்கு என் மனைவி புடவைத் தலைப்புக்குள் விரல் விட்டு எண்ணி எண்ணி அம்மன் பேரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். தெருவில் ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் நான் வாசலுக்கு ஓடினேன்.

ஏழு மணிக்கு வந்தார். கைத்தடியோடு, நீல உடுப்பு அல்ல, வெள்ளையில் பூப்போட்டது. மகளைக் கட்டிக்கொண்டார். நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, நெற்றியை நோக்கி நீட்டினார்.

"அம்மா!" என்று கத்திவிட்டேன்.

கூடமே திரும்பியது. அந்த அம்மாவும் திரும்பினார். மகள் ஓடிவந்து காதோடு ஏதோ சொல்ல, அவர் என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார். ஆட்டோக்காரர் என் பக்கத்தில் வந்து நின்று கிசுகிசுத்தார். "எல்லாத்தயும் சொல்லிட்டாங்க. செத்த மேட்டரும்தான்."

அந்த அம்மா ஏதோ சொன்னார். ஆட்டோக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பிளேன் ஏன் லேட்டாச்சுன்னு இப்பதான் பிரியுதாம்."

நான் கை கூப்பினேன். அவர் தடியை ஊன்றி என்னிடம் வந்தார்.

"எந்த வெரலுன்னு கேக்கறாங்க."

மோதிர விரலை நீட்டினேன். நகக்கண்ணில் இன்னும் சிவப்பு இருந்தது. அவர் அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, திரும்பிப் படத்தைப் பார்த்து மகளிடம் ஏதோ குறை சொன்னார்.

"கை சரியா வர்லியாம்," என்றார் ஆட்டோக்காரர்.

உண்மைதான். படத்தில் இருந்ததைவிட அந்தக் கைகள் பெரியவை, காய்ப்பு ஏறியவை.

இப்போதும் வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றிச் சந்தனக் கிண்ணத்தை எடுக்கிறேன். ஒவ்வொரு படத்தையும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். சில்லென்று இருந்தால் மட்டுமே பொட்டு.