மூன்றாம் டிவிஷன் கோயில் லேப்டாப்

2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. காலை 5.45க்கு எழுந்தேன். 6.30க்குத் துணி காயப்போட்டேன். 8.20க்குக் கோல சிலாங்கூர் டவுனில் இருக்கும் என் கடையின் ஷட்டரைத் தூக்கினேன். மேசையைத் துடைத்து, வேலை அட்டைகளை எண் வரிசையில் அடுக்கினேன். அன்று கையில் இரண்டு வேலைகள்: ஒரு கீபோர்டு மாற்றுவது, ஒரு ஸ்கிரீன் கீல் உடைந்தது. இரண்டும் அவசரம் இல்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்துப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கியூட் போர்டு டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். இன்றும் புதிதாக வருகிறவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்து, ஒரு பெண் மட்டும் இருப்பதைக் கண்டு, "பாஸ் இல்லையா?" என்று கேட்பார்கள். "சாமான வச்சிட்டுப் போங்க, பாஸ் பார்ப்பாங்க" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்வேன். எடுத்துப் போக வரும்போது அவர்களே புரிந்துகொள்வார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்காக அன்றைய நாளை டைரியிலிருந்து எடுத்து எழுதுகிறேன். நேரங்கள் எல்லாம் நான் அன்றே குறித்தவை.

1. தொலைபேசி, காலை 9.05

அழைத்தவர் தவமணி. டவுனிலிருந்து 22 கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு செம்பனை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷனில் தடிக்கா எனும் பாலர் பள்ளியின் ஆசிரியை. அங்கே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் 38 குடும்பங்களின் குழுவுக்குச் செயலாளரும் அவர்தான். குழுவின் லேப்டாப்பை ஏப்ரலில் ஒருமுறை என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்.

சனிக்கிழமை காலையில் அப்டேட் கேட்டதாகவும், சரி என்று அழுத்தியதாகவும், நான்காவது நாளாகியும் முடியவில்லை என்றும் சொன்னார். எடுத்து வரச் சொன்னேன். முடியாது என்றார்.

"தலைவர் கையெழுத்து இல்லாம லேப்டாப் கோயில் ஆபீஸ விட்டு வெளிய வரக்கூடாது அக்கா. அவரு சுங்கை பெசார்ல மக வீட்டு விசேஷத்துக்குப் போயிட்டாரு. போனும் எடுக்க மாட்டேங்குறாரு. நாளைக்குப் பத்தரைக்கு லேண்ட் ஆபீஸ்ல ஃபைல் குடுக்கணும்லா."

அந்த விதி எதற்கு என்று எனக்குத் தெரியும். மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்பிக்க, லயத்தில் யார் யார் எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறார்கள் என்பதற்குக் குழு ஆதாரம் திரட்டியது. முதல் பட்டியல் பென் டிரைவில் கைமாறிக் கைமாறிப் போனதில், அங்கே ஒரு நாளும் குடியிருக்காத ஆறு பேருடைய பெயர்கள் அதில் நுழைந்துவிட்டன. முழுப் பட்டியலும் திரும்பி வந்தது. அதன் பிறகு ஒரே பிரதி, ஒரே லேப்டாப், கோயில் ஆபீஸ் என்று முடிவு செய்தார்கள். தவமணி எட்டு மாதம் வீடு வீடாகப் போய்ப் பழைய எஸ்டேட் வேலை அட்டை, பிறப்புப் பத்திரம், ஐசி எனும் அடையாள அட்டை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினார். பிறகு வெள்ளம் வந்து, பல வீடுகளில் அசல் தாள்களே கூழாகிப் போயின. இப்போது அந்த 38 குடும்பத்துக்கும் இருக்கும் ஆதாரம் அந்த லேப்டாப்புக்குள் இருப்பதுதான்.

கடைக் கதவில் சீட்டு ஒட்டிவிட்டு 9.40க்குக் கிளம்பினேன்.

2. கோயில் ஆபீஸ், 10.25

ஆபீஸ் என்பது மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு தகர அறை. மேசை, பிரிண்டர், ஒரு விசிறி. பக்கத்து மண்டபத்தில் தடிக்காப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். திரையில் "அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்" என்ற வாசகமும் 43 சதவீதமும் இருந்தன.

இப்படி நிற்கும் லேப்டாப்பைப் பார்த்தவுடன் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கத்தான் கை போகும். கூடாது. முதலில் அது உண்மையாகவே நின்றுவிட்டதா, மெதுவாகப் போகிறதா என்று தெரிய வேண்டும். அது பழைய சுழலும் வகை ஹார்டு டிஸ்க். காதை அடிப்பக்கத்தில் வைத்துக் கேட்டேன். டிக் டிக் என்று ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. பிரிண்டர் வயரைக் கழற்றினேன். 10.50க்கு 47. 11.20க்கு 54. மெதுவாக, ஆனால் போகிறது.

11.30க்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தவமணி வந்தார். நான் எப்போதும் கேட்கும் மூன்று கேள்விகளைக் கேட்டேன். எப்போது தொடங்கியது? வேறு யார் தொட்டார்கள்? நடுவில் யாராவது அணைத்தார்களா?

தினமும் காலை 7.45க்குப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவாராம். பதினொன்றரைக்குப் பார்த்தால் ஓடிக்கொண்டிருக்குமாம். சாயங்காலம் வந்தால் திரை கறுப்பாக இருக்குமாம். பட்டனை அழுத்தினால் 'மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன' என்று வருமாம். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து.

"யாரும் தொடல அக்கா. சாவி என்கிட்டயும் பூசாரி ஐயாகிட்டயும்தான். அவரு இதுகிட்டயே வர மாட்டாரு. மவுஸப் பார்த்தாலே ஒதுங்கிப் போவாரு."

இவ்வளவும் என் நோட்டில் எழுதினேன். காரணம் அந்த நான்கு வரிகளிலேயே இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. டிஸ்க் தேய்ந்திருக்கும், மெமரி போதாது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

12.20க்கு 74 சதவீதம். வெளியே உச்சிப் பூசை முடிந்து மணி ஓய்ந்தது. "மூடப் போறேன்மா" என்று பூசாரியின் குரல் கேட்டது. "சரிங்க ஐயா" என்று தவமணி திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது சொல்லும் பதில். கதவைத்தான் மூடப்போகிறார் என்று நானும் நினைத்தேன்.

விசிறி நின்றது. டியூப் லைட் போனது. லேப்டாப் திரையும் கறுத்துப்போனது.

3. மெயின் சுவிட்ச்

தவமணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் எழுந்து வெளியே ஓடினார்.

பூசாரி ராமையா முன்பு எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர். ஓய்வு பெற்றதிலிருந்து கோயிலைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு வருடம் சாமான் அறையில் வயர் உருகி, அம்மன் புடவைகள் எல்லாம் எரிந்துபோயின. அன்றிலிருந்து பகல் 12.20க்கும் இரவு 8.30க்கும் நடை சாத்தியதும் மெயினை அணைத்துவிடுவார். ஒரு நாளும் தவறியதில்லை. உடனே மெயினைப் போட்டுவிட்டு, அறை வாசலில் வந்து நின்றார்.

"லேப்டாப்புன்னா உள்ள பேட்டரி இருக்கும்தானேம்மா? கரண்ட் போனாலும் ஓடும்னுதானே சொல்வாங்க?"

அதற்குப் பிறகுதான் என் பையிலிருந்த வேலை அட்டைக் கட்டைப் பிரித்தேன். ஏப்ரல் 15, என் கையெழுத்து: பேட்டரி உப்பியிருந்தது, அகற்றப்பட்டது, வயரில் ஓடும். அந்தப் பழைய மாடலுக்கு வேறு பேட்டரி தருவிக்க வேண்டும் என்றேன். வயரே போதும் என்றார் தவமணி. இரண்டு பேரும் அதோடு விட்டுவிட்டோம். அந்த வயர் எங்கே செருகப்படும், அந்த இடத்தில் மின்சாரம் யார் கையில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அப்டேட் முடிய ஆறு மணி நேரம் வேண்டும். கோயிலில் ஒரு நடைக்கு நாலரை மணி நேரம்தான் கிடைத்தது.

தவமணி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பூசாரி தன்னைத்தானே திட்டிக்கொள்ளத் தொடங்கினார்.

"ஐயா, நீங்க உங்க வேலையச் சரியா செஞ்சீங்க. உங்ககிட்ட சொல்லாம விட்டது நான்" என்றேன்.

4. இரண்டாவது பிரதி, 12.45

பவர் பட்டனை அழுத்தினேன். லேப்டாப் வழக்கமான திரைக்குப் போகவில்லை. இரண்டு முறை சுற்றிவிட்டு, பழுது பார்க்கும் நீலத் திரையில் வந்து நின்றது. அங்கே வழிகள் இருக்கின்றன. ஆனால் நான்கு நாளில் ஏழு முறை நடுவிலே மின்சாரம் போன டிஸ்க். அடுத்து எந்தப் பட்டனை அழுத்தினாலும், அது சரியாகலாம், இருப்பதும் போகலாம். என் விதி ஒன்றுதான்: முதலில் டேட்டா, பிறகு மெஷின். டிஸ்க்கைக் கழற்றி, என் லேப்டாப்பில் மாட்டி, கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்ய வேண்டும்.

அதாவது, குழு வேண்டாம் என்று தீர்மானித்த இரண்டாவது பிரதி.

தவமணி தலைவருக்கு மூன்று முறை அழைத்தார். மணி மட்டும் அடித்தது. இந்த இடத்தில் டெக்னீஷியன் அவசரப்படுத்தக் கூடாது. அந்த ஆறு பெயர்களால் பட்ட அவமானம் அவருடையது.

"காப்பி எடுத்தா எங்க வைக்கிறது? என் வீட்ல வச்சா நாளைக்கு என்னையே கேப்பாங்க. உங்க கடையில வச்சா உங்களையும் சேர்த்துக் கேப்பாங்க."

வாசலில் நின்ற பூசாரி தயங்கிப் பேசினார். "அம்மன் நகை பீரோல வைக்கலாம்லா. அதுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு தலைவர்கிட்ட. ரெண்டும் சேர்ந்தாத்தான் தொறக்கும். இன்னிக்கி இங்க வேலைக்கு இருக்கட்டும், அவரு வந்ததும் உள்ள வச்சிருவோம்."

தவமணி நோட்டை இழுத்து எழுதினார். "நான் கையெழுத்துப் போடுறேன் அக்கா. திட்டு வாங்குறது எப்படியும் நான்தானே. கழட்டுங்க."

1.05க்கு ஸ்குரூக்களைக் கழற்றினேன். டிஸ்க்கைப் படிக்க முடிந்தது. 38 கோப்புறைகளும் தெரிந்தன. காப்பி ஆக 26 நிமிடம். என் லேப்டாப்பில் எதுவும் தங்கவில்லை என்பதைத் தவமணிக்குக் காட்டினேன். எழுதிக்கொண்டார். பிறகு மூன்று கோப்புகளைத் திறந்து பார்க்கச் சொன்னேன். வீட்டு எண் 7, 19, 31. முப்பத்தொன்றாம் வீட்டு வேலை அட்டை திரையில் வந்ததும், அதில் இருந்த புகைப்படத்தைக் காட்டி, "இவரு போன வருஷம் தவறிட்டாரு" என்றார்.

டிஸ்க்கை மறுபடி பூட்டி, நீலத் திரையில் "கடைசி அப்டேட்டை நீக்கு" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். 1.50. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை. இந்தத் தொழிலில் கடினமான பகுதி இதுதான். பூசாரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போய் மெயின் சுவிட்சுக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்குச் சாப்பிடக்கூடப் போகவில்லை. தவமணி மீ கோரேங் வாங்கி வந்து மூவருக்கும் பிரித்தார். பூசாரி தன் பங்கை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

"ஐயா, சுவிட்ச யாரு தூக்கிட்டுப் போகப்போறா?" என்று தவமணி கேலி செய்தார்.

"என் கைய நம்ப முடியாதும்மா. நேரம் ஆனா அதுவா போயிரும்" என்றார்.

3.25க்குப் பழைய திரை வந்தது. பாஸ்வேர்டு போட்டார் தவமணி. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அப்டேட்டை ஐந்து வாரத்துக்கு நிறுத்தி வைத்தேன். பிரிண்டரை மாட்டினேன். முதல் பத்துத் தாள் சரியாக வந்ததைப் பார்த்துவிட்டு 4.10க்குக் கிளம்பினேன். ஏழு மணிக்குத் தவமணி எல்லாம் அச்சாகிவிட்டது என்று செய்தி அனுப்பினார். லேண்ட் ஆபீசுக்குத் தவமணி, பூசாரி, நான் மூவரும் என் காரிலேயே போவது என்று மத்தியானமே முடிவு செய்திருந்தோம்.

5. புதன்கிழமை காலை

அன்று லேண்ட் ஆபீசில் 38 கோப்புகளையும் வாங்கிக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வீடு எப்போது வரும் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. தலைவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்து, மூன்றாம் நாள் தன் சாவியோடு வந்து டிஸ்க்கைப் பீரோவில் வைத்துப் பூட்டினாராம். ஆனால் நான் எழுத வந்தது, அதற்கெல்லாம் முன்பு, அன்று காலை முதலில் நடந்ததை.

8.15க்குக் கோயில் வாசலில் காரை நிறுத்தினேன். தவமணி இன்னும் வரவில்லை. பின்பக்கம் போனேன். மெயின் சுவிட்சுக்குக் கீழே அதே நாற்காலி. பூசாரி குளித்து, நீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக் கையில் ஒரு போர்வை மடித்துக் கிடந்தது. ஆபீஸில் விசிறி ஆளில்லாத மேசைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

ராத்திரி வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"எப்படிம்மா போறது? நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "இப்ப அணைக்கலாமா?"

வேலை முந்தின நாள் 3.25க்கே முடிந்துவிட்டது. தவமணியிடம் சொன்னேன், டைரியில் எழுதினேன், வேலை அட்டையில் எழுதினேன். சுவிட்சின் மேல் கை வைத்திருக்கும் மனிதரிடம் சொல்லவில்லை. ஏப்ரலில் விட்ட அதே ஆளை மறுபடி விட்டு, அதே தப்பை மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் செய்திருக்கிறேன்.

"அணைக்கலாம் ஐயா. நேத்து சாயங்காலமே சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் எழுந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, மெயினை இறக்கினார். விசிறி நின்றது. நான் நாற்காலியை எடுத்து மண்டபத்தில் வைத்தேன். மணி 8.20.