கதவைச் சாத்தினால்தான் குளிரும்

ஏசி வாங்குவதற்கு முன்னால் நான் பார்க்கப் போனது ஒரு கேஸ் ஹீட்டரை. அது மூணாறில், அம்மா எஸ்டேட் வேலையிலிருந்து நின்ற டிசம்பர் மாதத்தில்.

தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் வயது முடிந்து வேலையை விட்டால், கம்பெனி கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பல குடும்பங்கள் இருக்கும் அந்த நீளக் கட்டடத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். வீட்டில் இன்னொருவர் எஸ்டேட் வேலைக்குப் பேர் கொடுத்தால் வீடு நிற்கும். அப்பா இறந்துவிட்டார். நான் ஒரே பிள்ளை. நான் பேர் கொடுக்கவில்லை. படித்தேன், பரீட்சை எழுதினேன், பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் வடகரப்பதிப் பக்கம் ஒரு வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

அம்மாவுக்கு நெஞ்சில் இழுப்பு உண்டு. பனி விழும் மாதங்களில் விடியற்காலையில் அவள் மூச்சு விடுகிற சத்தம் அடுத்த வீடு வரை கேட்கும். இனி குளிரில் இருக்கக் கூடாது என்று எஸ்டேட் டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த லயத்தில் இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, ஒரு வழி சொன்னாள்.

"அக்கா எங்கூடயே கெடக்கட்டும் பிள்ள. நீ ஒரு கேஸ் ஹீட்டரு மட்டும் வாங்கிக் குடு. ஹோம்ஸ்டேக்காரன் எல்லாம் அதத்தான் வச்சிருக்கான்."

மூவரும் மூணாறுக்குப் போய்ப் பார்த்தோம். முதுகில் சிலிண்டர் வைத்த இரும்புப் பெட்டி. பற்றவைத்ததும் முன்பக்கத் தகடுகள் சிவந்தன. அம்மா இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டி, திருப்பிப் புறங்கையையும் காட்டினாள். வெகு நாளாக அவள் முகத்தில் நான் பார்க்காத ஒரு சுகம் வந்தது.

கடைக்காரர் சொன்னார்: "ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. ராத்திரி ஜன்னல கொஞ்சம் தொறந்து வைக்கணும். கேஸ் எரியிற ரூமு, காத்துப் போகலன்னா ஆபத்து."

அம்மா சிரித்துவிட்டாள். "குளிருக்குன்னு அடுப்பும் வாங்கணும், அந்தக் குளிரு உள்ள வரதுக்கு ஜன்னலயும் தொறந்து வைக்கணுமாக்கும். நல்ல யாவாரந்தான்!"

நான் சிரிக்கவில்லை. பனிக்காலத்தில் ஜன்னல் இடுக்கு ஒவ்வொன்றிலும் பழைய சேலையைக் கிழித்துத் திணித்துவிட்டுத் தூங்குகிறவள் அவள். ஹீட்டர் வந்தாலும் திணிப்பாள். அதைவிட, சித்திக்கும் ஓய்வு பெறுகிற வயது நெருங்கிவிட்டது. அவள் வீடு இன்னும் எத்தனை நாளைக்கு அவள் வீடு? ஹீட்டர் வேண்டாம், நீ என்னோடு கீழே வா என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஜனவரியில் அழைத்து வந்தேன். மறையூர் தாண்டிப் பஸ் இறங்கும்போதே ஸ்வெட்டரைக் கழற்றினாள், உடுமலையில் தலைத்துண்டை. "ஏட்டி, இன்னும் எவ்வளவுட்டி கழட்டணும்?" என்று என் காதில் கேட்டாள். வடகரப்பதி வந்த கொஞ்ச நாளிலேயே இழுப்பு நின்றுவிட்டது. என் கணக்கு சரியாக வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிப்ரவரி பிறந்ததும் வெயில் ஏறத் தொடங்கியது. இந்தப் பக்கத்து வெயிலை அம்மா அறியாள். நான் வாடகைக்கு இருப்பது சின்ன கான்கிரீட் வார்ப்பு வீடு. பகல் முழுவதும் மேலே காய்ந்த சூடு அறைக்குள் இறங்கும். மின்விசிறி அடுப்பு வாயிலிருந்து வருவது போன்ற காற்றைத் தள்ளும். அம்மாவின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு கொப்பளித்தது. கால் வீங்கியது. சோறு இறங்கவில்லை. ஒரு நாள் குளித்துவிட்டு வந்து கொடியில் துணி போடும்போது தலை சுற்றி, கொடிக் கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, உப்பு குறைந்திருக்கிறது என்றார். "பகல்ல இவங்களக் குளிர்ச்சியான ரூம்ல வைக்கணும். இந்த வயசுல ஒடம்பு இந்தச் சூட்டுக்குப் பழகாது. அடுத்த தடவை இப்படியே எழுந்து நடந்து வருவாங்கன்னு சொல்ல முடியாது."

திரும்ப மலைக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, கூடாது என்றார். அனுப்புவதற்கு வீடும் இல்லை. அந்த வாரந்தான் சித்தி போனில் சொல்லியிருந்தாள், எங்கள் வீட்டுக்கு ஒரு ஜார்க்கண்ட் குடும்பம் வந்துவிட்டது என்று.

ஆகவே ஏசி. நான் அதை ஒரு பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். ஒரு டன் என்றால் எடை அல்ல, குளிர்விக்கும் அளவு. நட்சத்திரம் கூடினால் விலை கூடும், கரண்ட் பில் குறையும். இன்வெர்ட்டர் ஏசி நின்று நின்று ஓடாமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். சுருள் அலுமினியமா, செம்பா என்று கேட்க வேண்டும். என் சம்பளத்துக்குள் ஐந்து நட்சத்திரம் வராது. மூன்று நட்சத்திரம், ஒரு டன், இன்வெர்ட்டர், செம்புச் சுருள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு கொழிஞ்சாம்பாறையில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைப் பையன் மலையாளம் கலந்த தமிழில் கேட்டான். "சேச்சி, ரூம் எவ்வளவு இருக்கும்? மேல வார்ப்பா ஓடா? மேற்குச் செவுத்துல வெயில் அடிக்குமா?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அறையின் நீள அகலத்தைக் கூட அளந்து கொண்டுபோயிருந்தேன். "சேச்சி எங்க ஃபீல்டா?" என்று அவன் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அம்மா வேறு ஒரு மெஷினுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள். குளிர், சூடு இரண்டும் தருவது அது.

"அம்மே, அது ஹாட் அண்ட் கோல்டு. தணுப்பும் வரும், சூடும் வரும்" என்றான் கடைப் பையன்.

"ஒரே பெட்டியிலயா?" அம்மா என்னைப் பார்த்தாள். "ஏட்டி, இத நம்ம லயத்துல மாட்டியிருந்தா நான் அங்கயே கெடந்திருப்பேனே."

லயத்து ஒயர் ஒரு பல்பையும் டிவியையுமே கஷ்டப்பட்டுத் தாங்கும் என்று அவளுக்குச் சொன்னேன். அந்த மெஷினின் விலை எங்களுக்கு எட்டாது என்பதைச் சொல்லவில்லை. வடகரப்பதியில் சூடு காட்டுவதற்கு யாருக்காவது மெஷின் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். அவளும் சிரித்தாள்.

மாட்டுகிற அன்று வீட்டுச் சொந்தக்காரர் வந்து நின்றார். "ஏனுங் மேடம், செவுத்துல போடற ஓட்டையும் ஊட்டோட சேந்ததுதானுங். காலி பண்றப்ப அதயும் பேத்துட்டுப் போயிராதீங்க." அவர் மனைவி உள்ளே வந்து குளிர்ந்த காற்றுக்கு முகத்தைக் கொடுத்துவிட்டு, "அம்மாளுக்கு இனி நம்மூரே ஊட்டிதானுங்" என்றார். பக்கத்து வீடுகளிலிருந்தும் இரண்டு பேர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் போனபிறகு அம்மா வாயைத் திறந்தபடி தூங்கினாள். வேர்வை இல்லாத அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவுக்கு நானே படித்து, நானே தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்த குளிர் அது.

மறுநாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தபோது வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வாசற்படியில், வெயில் இன்னும் விலகாத இடத்தில், சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இது, கதவு தொறந்து கெடக்கு?"

"கெடக்கட்டும். பெட்டி அதுபாட்டுக்கு ஓடுதுல்லா."

"கதவைச் சாத்தினாத்தான் குளிரும்."

"பகல்ல கதவச் சாத்திட்டு உள்ள கெடக்க நான் என்ன பொணமாட்டி?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லயத்தில் ஆள் இருக்கிற வீட்டுக் கதவு பகலில் திறந்துதான் இருக்கும். வேலைக்குப் போனால் வெளியே பூட்டுத் தொங்கும். பூட்டும் இல்லாமல் கதவும் சாத்தியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே பிணத்தைக் குளிப்பாட்டுகிறார்கள். அப்படிப்பட்ட கதவை யாரும் தட்ட மாட்டார்கள். பார்த்தவர்கள் பார்த்த இடத்திலேயே நின்று, தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, கதவு திறக்கும்வரை காத்திருப்பார்கள். அப்பா இறந்த அன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது எங்கள் கதவு அப்படித்தான் இருந்தது. முற்றத்தில் நின்ற பெண்கள் எனக்கு வழி விட்டார்கள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் பல வருடம் ஹாஸ்டலிலும் வாடகை அறைகளிலும் கதவைச் சாத்திக்கொண்டே படித்தவள் நான். அந்த அர்த்தம் என்னிடமிருந்து எப்போதோ போய்விட்டது. அளவு நாடா பிடித்து அறையை அளந்தபோது கதவைச் சுவரின் ஒரு பகுதியாகத்தான் அளந்தேன்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இது லயம் இல்லை, இங்கே யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள் என்றேன். "யாரு நெனச்சா என்ன, நெனைக்காட்டி என்ன? உள்ள கெடக்கது நான்லா" என்றாள். ஐஸ்கிரீம் கடையில் தொங்குகிற மாதிரி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் திரை வாங்கிக் கதவில் மாட்டினேன். ஒரு பக்கமாக இழுத்து முடிச்சுப் போட்டுவைத்தாள். நான் வீட்டில் இருக்கும்போது எனக்காகக் கதவைச் சாத்த விடுவாள், அதுவும் கட்டிலில் படுக்காமல், எழுந்து போகத் தயாராக இருப்பவளைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு. நான் ஆபீசுக்குப் போனதும் படிக்கு வந்துவிடுவாள். போகிறவர் வருகிறவரோடு பேச்சு. அம்மாவின் முன்னோர் மலைக்குக் கொண்டுபோன தென்காசிப் பக்கத்துத் தமிழும் இந்த ஊர்க் கொங்குத் தமிழும் படியில் உட்கார்ந்து ஒன்றையொன்று கேலி செய்துகொண்டிருக்கும். அவள் முகம் மட்டும் நாளுக்கு நாள் கறுத்துச் சுருங்கியது.

மார்ச் கடைசியில் படியிலேயே விழுந்தாள். வீட்டுக்காரர் மனைவிதான் பார்த்து ஆபீசுக்குப் போன் செய்தார். "ஏங்கண்ணு, சீக்கிரம் வாங்க. அம்மாளுக்கு நெனவு இல்லீங்."

அதே டாக்டர். "ஏசி வைக்கச் சொன்னேனே?"

"வச்சிருக்கோம்."

"அப்புறம்?"

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையால் அம்மா என் விரலைப் பிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளாகவே சொன்னாள். "சரிட்டி. சாத்திக்கிடுதேன். ஆனா வெளிய பூட்டுப் போட்டுட்டுப் போ."

எனக்குப் புரிந்தது. பூட்டு இருந்தால் ஆள் வேலைக்குப் போயிருக்கிறது. நோயாளியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போக முடியாது என்று கத்தினேன். அவள் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, லயத்து வீட்டுப் பூட்டை எடுத்தாள். வீட்டைத்தான் கம்பெனியிடம் கொடுத்திருந்தாள், பூட்டு எங்களுடையது. கடைசியில் கதவைப் பூட்டாமல், வெளியே உள்ள கொண்டி வளையத்தில் மட்டும் அதைத் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. உள்ளேயிருந்து இழுத்தால் கதவு திறக்கும். தெருவிலிருந்து பார்த்தால் பூட்டியிருக்கும்.

இப்போது ஏப்ரல். தினமும் காலையில் பூட்டைத் தொங்கவிட்டுவிட்டுப் போகிறேன். அவள் உள்ளே படுத்திருக்கிறாள். வேர்க்குரு அடங்கிவிட்டது. கால் வீக்கமும் வற்றிவிட்டது. ஆனால் குளிர் காற்றில் இழுப்பு திரும்பி வந்துவிட்டது. ஏசியின் டிகிரியை ஏற்றி வைத்தால் மூச்சு கொஞ்சம் இளகுகிறது, தலை சுற்றுகிறது. இறக்கி வைத்தால் தலை நிற்கிறது, நெஞ்சு இழுக்கிறது. எஸ்டேட் ஸ்வெட்டரை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருப்பதை அவள் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள்.

போன வாரம் வீட்டுக்காரர் மனைவி என்னிடம் சொன்னார்: "அம்மாளப் பாக்கலாம்னு ரெண்டு தடவ வந்தனுங். பூட்டிருந்துதா, ஊருக்கு அனுப்பிச்சுட்டீங்களோன்னு திரும்பிட்டேன்." உள்ளேதான் இருக்கிறாள், கதவைத் தள்ளினால் திறக்கும் என்றேன். தலையாட்டினார். அதற்குப் பிறகும் வரவில்லை. பூட்டுத் தொங்குகிற வீட்டுக் கதவைத் தள்ள யாருக்குத்தான் கை வரும்?

சாயங்காலம் வந்து வளையத்திலிருந்து பூட்டைக் கழற்றும்போது சுவருக்கு வெளியே மெஷின் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலில் அவள் மூச்சுச் சத்தம் கேட்காது. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன். பிறகுதான் தள்ளுகிறேன்.

கம்பளி அசையும். அம்மா முகத்தை மட்டும் வெளியே நீட்டி, தினமும் ஒன்றைத்தான் கேட்கிறாள்.

"யாராச்சும் வந்தாவளாட்டி?"

நாள் முழுவதும் வீட்டில் இருந்தவள் அவள். இல்லை என்று நான்தான் சொல்கிறேன்.