நான் கேட்காத இசைத்தட்டு

அறுபதுகளின் நடுவில் சிவகாசியில் இங்கிலீஷ் ராக் இசைத்தட்டுகளுக்குத் தீர்ப்புச் சொல்ல ஓர் ஆள் இருந்தான் என்றால் அது நான்தான். சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு எங்கள் அச்சகத்துக்குத் திரும்பியிருந்தேன். மாலையில் நண்பர்கள் கூடினால், புதிதாக வந்த எல்.பி.களில் எது காலத்துக்கும் நிற்கும், எது அடுத்த தீபாவளிக்குள் மறந்துபோகும் என்று அடித்துவிடுவேன். அவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

உண்மை என்னவென்றால், அவற்றில் பாதியை நான் கேட்டதே இல்லை; மீதி, ரேடியோவில் அரைகுறையாகக் காதில் விழுந்தது. சென்னையில் இசைத்தட்டுக் கடைக்குள் போய்ப் போட்டுக் காட்டச் சொல்ல எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று அட்டைகளைப் பார்த்ததோடு சரி. ஆனால் அட்டை பார்க்க எனக்குத் தெரியும். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற வீட்டில் பிறந்தவன். மாதிரி அச்சான புரூப் வந்தால் லென்ஸை வைத்து, சிவப்பு மை தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மயிரிழை விலகியிருக்கிறதா என்று பார்ப்போம். விலகியிருந்தால் கழித்துவிடுவோம். லேபிள் சுத்தமாக இருந்தால் உள்ளே இருக்கிற சரக்கும் சுத்தம் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அதையே பாட்டுக்கும் வைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

அக்காவின் கணவர், என் அத்தான், பக்கத்து ஊரான விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்தினார். அதிகம் பேசாதவர். பம்பாய்க்கு ஆர்டர் எடுக்கப் போனவர் ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒரே ஒரு எல்.பி.யும் வாங்கி வந்தார். அட்டையில் நாலு பேர் கிட்டாரோடு நின்றார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அதைப் போட்டுவிட்டுத்தான் இலை முன்னால் உட்காருகிறார் என்று அக்கா சொல்லிச் சிரித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"மாப்ளே, எனக்கு வார்த்தை ஒண்ணும் வெளங்கல. ஆனா கேக்கக் கேக்க நெஞ்சு நெறையுது. இது நிக்கிற பாட்டுதானா? நீ சொல்லு."

அட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன். சிவப்பு விலகி, பாடுகிறவனின் உதடு கன்னத்தில் கிடந்தது.

"ஒரு சீசன் தாங்காது அத்தான். மட்டமான சரக்கு."

"ஒரு தடவ போட்டுக் காட்டட்டுமா?"

"வேண்டாம் அத்தான். மெட்ராஸ்லயே கேட்டாச்சு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே அதைப் பிளேயரோடு சேர்த்து, லோடு ஏற்ற வந்த லாரிக்காரருக்குக் கொடுத்துவிட்டார் என்று அக்கா சொன்னாள். எனக்கு அப்போது உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து விருதுநகரில் ஒரு நண்பன் வீட்டில் அதே அட்டையைப் பார்த்தேன். நான் கேலி பண்ண வாயெடுப்பதற்குள் அவன் தட்டைச் சுழலவிட்டான். முதல் பாட்டு முடிவதற்குள் கேலி மறந்துபோனது. இரண்டு பக்கமும் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. காலத்துக்கும் நிற்கும் என்று நான் பட்டியல் போட்டவற்றில், காதால் கேட்டிருந்த ஒன்றுகூட இதன் கிட்டே வராது. எது நிற்கும் என்பதை, வார்த்தை புரியாமலே, தினமும் கேட்ட மனுஷர் எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்.

அன்றைக்கே பஸ் ஏறி அத்தானிடம் போனேன்.

"அத்தான், நான் தப்பாச் சொல்லிட்டேன். அது அருமையான பிளேட்டு. அன்னைக்கு நான் கேக்காமலே சொன்னேன். என்னை மன்னிச்சுருங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால் தேவலை.

"கேக்காமலா சொன்ன?" என்றார். பிளேயர் இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எனக்குத்தான் கேக்கத் தெரியலன்னு நெனச்சுட்டேன் மாப்ளே. அதுலருந்து எந்தப் பாட்டக் கேட்டாலும், நல்லா இருக்குன்னு தோணுனா ஒடனே பயமா இருக்கு" என்றார்.