மூன்று முதலாளிகளும் ஒரு மேனேஜரும்

தீவன மில்லில் மேனேஜர் வேலையின் பாதி, எந்தக் கேள்வியை எந்த முதலாளியிடம் கேட்பது என்று தெரிந்துவைத்திருப்பதுதான். குன்னத்துக்குப் பக்கத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர் நடத்தும் மாட்டுத்தீவன மில்லில் நான் மேனேஜர். மக்காச்சோளக் கொள்முதல் பெரியவர் கையில். மெஷின்கள் நடு முதலாளி கையில். விற்பனையை அரியலூரில் உட்கார்ந்து சின்னவர் பார்க்கிறார். மிச்சமெல்லாம் என் பொறுப்பு. அந்த மிச்சம் என்ன என்று, என்னைப் போலவே குடும்பக் கம்பெனிகளில் மாட்டிக்கொண்டிருக்கும் நீங்கள் யாராவது கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

கதவில் பலகை

சேர்ந்த வாரமே என் அறைக் கதவில் 'மேனேஜர்' என்று பலகை மாட்டினார்கள். அதைப் போட்டோ எடுத்து வரதராஜன்பேட்டையில் இருக்கும் வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் சாக்கு வியாபாரி ஒருவர் பலகையை நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே வந்தார். டீ வரவழைத்தேன். சாக்கின் தரம், அளவு எல்லாம் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். அவரும் பொறுமையாகச் சொல்லிவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார். "ரொம்ப சந்தோஷங்க சார். மொதலாளி எப்ப வருவாங்கன்னு சொன்னீங்கன்னா, அப்ப வந்து பேசிக்கிறேன்."

அறுந்த பெல்ட்

ஒரு நாள் காலையில் சோளத்தை மேலே ஏற்றும் பெல்ட் அறுந்துபோனது. நடு முதலாளிக்குப் போன் போட்டேன். "மாத்த வேண்டியதுதான், அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றார். அண்ணனைக் கேட்டால், "மெஷினு தம்பி பொறுப்பாச்சே, அவன் சரின்னா எனக்கும் சரி" என்றார். சின்னவர், "அவங்க ரெண்டு பேரும் சொல்றதுதான்" என்றார். மூவருமே நல்ல மனிதர்கள். ஒருவர் மனம் இன்னொருவரால் கோணிவிடக் கூடாது என்று நடப்பவர்கள். அந்த மரியாதையில் மில் சாயங்காலம் வரை நின்றது. ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மூணு பேரும் சரின்னுட்டாங்க சார். வாங்கிட்டு வாடான்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல?"

கடைவாய்ப்பல்

ஈரப்பத மெஷின் பதினாலு சதவீதத்துக்குள் காட்டினால் சோளத்தை நானே எடுக்கலாம். அதற்குமேல் அரைப் புள்ளி காட்டினாலும் பெரியவர் நேரில் வந்து, ஒரு மணியைக் கடைவாய்ப்பல்லில் வைத்துக் கடிக்க வேண்டும். நறுக்கென்று உடைந்தால் கொள்முதல், நசுங்கினால் களத்தில் காய வேண்டியதுதான். மெஷின் சொல்வது யோசனை, பல் சொல்வது தீர்ப்பு.

கார்த்திகையில் செல்வராணி என்ற பெண் டிராக்டரில் சோளம் கொண்டுவந்தார். அவருக்கு இருப்பது நாலு ஏக்கர் மானாவாரி. வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை, அதில் பாதி இந்த லோடு. மெஷின் பதினாலரை காட்டியது. பெரியவர் உடையார்பாளையத்தில் சொந்தக்காரர் கல்யாணத்தில் இருந்தார். "நான் வந்து கடிச்சுப் பாக்காம எடுக்காதீங்க" என்று போனில் சொன்னார். களத்தில் கொட்டச் சொன்னேன்.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. குடோன் இருபதடி தூரத்தில் திறந்து கிடந்தது. மறுபடி போன் போட்டேன், மேளச் சத்தத்தில் அவருக்குக் காதில் விழவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மழை வந்துவிட்டது. இருந்த தார்ப்பாய்களுக்குள் பாதிதான் அடங்கியது. நனைந்த சோளம் பூஞ்சை பிடித்து ஒன்றுக்கும் ஆகவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விதிப்படி நடந்திருந்தேன் அல்லவா? அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. செல்வராணிகூடத் திட்டவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க சார். நாங்க மானத்தப் பாத்துக்கிட்டு இருக்கோம், நீங்க மொதலாளியப் பாத்துக்கிட்டு இருக்கீங்க."

என் பெயர்

பதினைந்து நாளில் வெள்ளாமையின் மிச்சப் பாதியோடு செல்வராணி மறுபடி வந்தார். வேறு மில் தூரம். அன்றும் மெஷின் பதினாலரையில் நின்றது, அன்றும் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. பெரியவர் பல்வலி என்று திருச்சிக்குப் போயிருந்தார். பல்லைப் பிடுங்கி வாயில் பஞ்சு வைத்திருந்ததால் போனை அவர் மனைவிதான் எடுத்தார். நடு முதலாளியைக் கேட்டேன். "கொள்முதல்ல நான் தலையிட்டா அண்ணன் தப்பா நெனைக்கும்" என்றார்.

செல்வராணி டிராக்டர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தேன். இருந்தும், "எடை போட்டு குடோன்ல எறக்குங்க" என்றேன். எடைமேடையில் இருக்கும் அந்தோணி பேனாவோடு நிமிர்ந்தார். ரசீதில் 'அனுமதித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் எப்போதும் பெரியவர் பெயர்தான் வரும். "என் பேரப் போடுங்க" என்றேன். கூரையில் முதல் தூறல் விழுந்தபோது கடைசி மூட்டை உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்தோணி இன்னும் எழுதவில்லை. "சார், உங்க முழுப் பேரு என்னங்க? இத்தன நாளா தேவப்படல."

விசாரணை

மறுநாள் மூன்று முதலாளிகளும் ஒன்றாக வந்தார்கள். பெரியவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. "யாரக் கேட்டு எடுத்தீங்க?" என்றார்.

"யாரையும் கேக்கலைங்க. போன தடவ கேட்டுக்கிட்டே நின்னு அந்தம்மா சோளத்த நனையவிட்டேன். இன்னொரு தடவ அப்படி நிக்க முடியலைங்க."

பெரியவர் குடோனுக்கு நடந்தார். ஒரு மணியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனவர், வலி ஞாபகம் வந்து நிறுத்தினார். அதை என் உள்ளங்கையில் வைத்து, "நீங்க கடிங்க" என்றார். கடித்தேன். நறுக்கென்று உடைந்த சத்தம் மூவருக்கும் கேட்டது. தம்பிகள் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மழ வந்தா நீங்களே முடிவெடுத்துக்கங்க. மத்த நாளு என்னயக் கேளுங்க."

அன்றிலிருந்து நானும் அதிகாரமுள்ள மேனேஜர்தான். குன்னம் பக்கம் வருஷத்துக்கு எத்தனை நாள் மழை பெய்யும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.