ஒழுகாத வால்வு

மதுரை ஆரப்பாளையத்தில் எங்கள் பட்டறைக்கு வந்ததெல்லாம் லாரி ஜாக்கியும் டிராக்டர் சிலிண்டரும்தான். அங்கே ஒரே சட்டம், ஆயில் ஒழுகினால் வேலை சரியில்லை. இருபது வருஷம் ஒழுகாத வேலை செய்து பேர் வாங்கியவன் நான். வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து, கூரையைத் தாங்கும் ஹைட்ராலிக் கால்கள் சர்வீஸுக்கு வந்தபோதும் அந்தக் கர்வத்தோடுதான் ஸ்பானரை எடுத்தேன்.

அனுப்பியவன் இப்ராகிம். கோரிப்பாளையத்துக்காரன். என்னோடு அதே பட்டறையில் தொழில் பழகி, சுரங்கத்துக்கு ஃபிட்டராகப் போனவன்.

“மாப்ள, எட்டுக் காலும் ஒழுகுது. பாரம் ஏறுனா இறங்கிருது. சூப்பர்வைசர் உசுர வாங்குறாரு, என்னன்னு பாரு” என்றான் போனில்.

வால்வு லேசில் திறக்காதபடி அதன் ஸ்பிரிங்குக்கு அடியில் ரெண்டு ரெண்டு வாஷர் போட்டு இறுக்கினேன். கை பம்ப்பால் மெதுவாக பிரஷர் ஏற்றினேன். ஒரு சொட்டு இல்லை. முதலாளி அடியில் பேப்பரை வைத்து எடுத்துப் பார்த்து, “இதுல்ல வேலை” என்றார். எந்த பிரஷரில் வால்வு திறக்க வேண்டும் என்று கூடவே ஒரு தாள் வந்திருந்தது. ஒழுகாத வால்வுக்கு அது எதற்கு என்று மடித்து வைத்துவிட்டேன்.

கால்கள் போய்ச் சேர்ந்து நட்ட பிறகு இப்ராகிம் பேசினான். “அசையல மாப்ள. கல்லு மாதிரி நிக்கிது.”

அடுத்த மாதம் ஒரு முற்பகலில் மேலே பாறை ஒரேயடியாக ஒடிந்து விழுந்தது. அப்படி அடி விழும்போது வால்வு கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்து ஆயிலைக் கக்க வேண்டும். கால் கொஞ்சம் இறங்கித்தான் அந்த அடியை வாங்கும். நான் தொடாத பக்கத்துக் கால்கள் கக்கின, இறங்கின, நின்றன. நான் இறுக்கியதில் ஒன்று கக்கவே இல்லை. அந்தக் காலின் இரும்பு ட்யூப் உப்பி வெடித்து, சிதறிய துண்டு இப்ராகிமின் வலது கையை முழங்கைக்குக் கீழே கொண்டுபோய்விட்டது.

விசாரணையில் ட்யூப் பழசு என்று எழுதி முடித்தார்கள். யாரும் வாஷரைப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்துவிட்டவனைப் பார்க்க விளாங்குடியில் என் வீட்டிலிருந்து வாராவாரம் போவேன். “நான்தான் கால சாச்சு நட்டுட்டேன் போல” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். மூன்று வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. போன மாதம் சொல்லிவிட்டேன்.

“எத்தன வாஷர்?”

“ரெண்டு.”

“நானா இருந்தாலும் அதத்தான் போட்டிருப்பேன். நம்ம படிச்ச தொழில் அப்படி.” டீ கிளாஸை இடது கையால் தள்ளி வைத்தான். “ஆனா இம்புட்டு நாளா நான் என்னையவே திட்டிக்கிட்டிருந்தத பக்கத்துல உக்காந்து கேட்டியே மாப்ள.”

அதன் பிறகு என் போனை அவன் எடுப்பதில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒழுகுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், எந்த பாரத்தில் ஒழுக வேண்டும் என்று கேளுங்கள். தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் அதையும் ஒரு சொட்டு ஒழுகாமல் பிடித்து வைத்திருந்தேன்.